நடுவில 'ட்சு' வந்தால் கவனம்

தங்கச்சி, ஜேர்மன் மொழியில 'ஷ்லாஃபெண்ட்' (நித்திரை கொள்ளுற) மாதிரிச் சொல்லுகளுக்கு வால், அதாவது கடைசி எழுத்துகள், எப்பிடி மாறுது, ஜேர்மனிக்கு நர்சிங் பயிற்சிக்கு வந்த உங்களுக்கு அது தேவையோ எண்டு கேட்டிருந்தீங்கள். வீடு, குளிருடுப்பு பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம், அதை விடுங்கோ.

தேவைதான். உங்கட ஒப்பந்தத்திலயே உங்களை 'அவுஸ்-ட்சு-பில்டெண்டே' எண்டுதான் எழுதியிருப்பினம். பயிற்றப்பட வேண்டியவள். ஆம்பிளையெண்டால் முன்னால 'டேர்' (அந்த) வந்தால் பில்டெண்டே, 'ஐன்' (ஒரு) வந்தால் பில்டெண்டர். பெயர்ச்சொல்லாகியும் பெயரடையின்ர வால் விடாது.

அமைப்புச் சுகம். வினையின்ர கடைசியில ஒரு 'டே' (d) எழுத்து, பிறகு மற்றப் பெயரடைகளுக்குப் போடுற அதே வால். டாஸ் ஷ்லாஃபெண்டே கிண்ட், ஐன் ஷ்லாஃபெண்டெஸ் கிண்ட், மிட் டேம் ஷ்லாஃபெண்டென் கிண்ட். நித்திரை கொள்ளுற பிள்ளை, அவ்வளவுதான். எங்கட பெயரெச்சம் போல பெயருக்கு முன்னால நிக்கும். ஆங்கிலத்தை நம்பி வாற ஆக்கள்தான் 'டாஸ் கிண்ட் இஸ்ட் ஷ்லாஃபெண்ட்' எண்டு அடிச்சு விடுவினம். ஜேர்மன்காரர் அப்பிடிக் கதைக்கமாட்டினம், 'ஷ்லேஃப்ட்' (நித்திரை கொள்ளுது) எண்டு முடிச்சிடுவினம். 'ஷ்பனெண்ட்' (விறுவிறுப்பான) போலப் பழகிப்போன சிலதுதான் 'இஸ்ட்' (ஆங்கில 'இஸ்') ஓட வரும்.

ஆபத்து கந்தோர்க் கடிதத்தில இருக்கு. 'டி பிஸ் ஃப்ரைடாக் ஐன்-ட்சு-ரைஹெண்டென் உன்டர்லாகென்'. அதாவது, வெள்ளிக்குள்ள குடுக்க வேண்டிய பத்திரங்கள். வரிசைகூட எங்கட வரிசைதான், தமிழாவே வாசியுங்கோ. அதே இடத்தில 'ஐன்கெரைஹ்டென்' எண்டிருந்தால் குடுத்து முடிஞ்சது. 'ட்சு' கிடந்தால் வேலை உங்கட தலையில. முப்பது வருசம் இஞ்ச இருந்தவையே இதைக் கவனிக்காமல் தவணையை விட்டிருக்கினம். வால் என்னத்துக்கு, விளங்கினால் காணும் எண்டு பெருமை வேற. கடிதம் வந்தால் பத்து வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு வாசிப்பிக்கினம். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

நான் 1985-ல கிழக்கு பேர்லினில இறங்கி, ரயிலேறி மேற்குக்கு வந்தவன். அரசாங்கத்தின்ர ஒருங்கிணைப்பு வகுப்பெல்லாம் 2005-லதான் வந்தது. அகதி முகாமில எனக்குப் பாடப்புத்தகம் தேயிலைப் பெட்டிதான். 'மிட் கொஹெண்டெம் வாஸர்' ஊத்தச் சொல்லிக் கிடக்கும், கொதிக்கிற தண்ணியால. சமையலறையில 'கொஹெண்டெஸ் வாஸர்' எண்டு கத்துறவை, பெட்டியில ஏன் 'கொஹெண்டெம்'? 'மிட்' வந்தால் வால் மாறும் எண்டு நானாத்தான் பிடிச்சன். பெட்டியை வைச்சு வாசிக்கிறான் எண்டு அறையில எல்லாரும் நக்கலடிச்சவை. அதில ஒருத்தர் இப்பவும் மாதம் தவறாமல் கடிதக்கட்டோட என்னட்டத்தான் வாறார்.