கட்டிலுக்கு அடியில் பதுங்கும் பூனை

கேள்வி: காப்பகத்திலிருந்து இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்றைத் தத்தெடுத்தோம். மூன்று நாட்களாகக் கட்டிலுக்கு அடியிலேயே பதுங்கியிருக்கிறது. இரவில் மட்டும் சாப்பிடுகிறது. வெளியே இழுத்துப் பழக்கலாமா?
– வாசகி, கோவை

பதில்: வேண்டாம். தன் வாடை படியாத வீட்டில் பூனை ஒளிந்துகொள்வது இயல்பே. இரவில் சாப்பிடுவது நல்ல அறிகுறி. வீடு முழுவதையும் திறந்துவிடாமல் அந்த ஓர் அறையை மட்டும் அதற்கு ஒதுக்கி, ஒரு மூலையில் மணல் தட்டையும், அதிலிருந்து தள்ளி எதிர்மூலையில் தண்ணீரையும் காப்பகத்தில் தின்று பழகிய அதே உணவையும் வையுங்கள். பசும்பால் தவிர்க்கவும்; வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு அது வயிற்றுப்போக்கைத் தரும்.

தினமும் சிறிது நேரம் அங்கே தரையில் அமர்ந்து, அதை உற்றுப் பார்க்காமல் ஏதேனும் படித்துக்கொண்டிருங்கள். அது எட்டிப் பார்த்தால் கண்களை மெல்ல மூடித் திறந்து, ஒரு விரலை முகர்வதற்கு நீட்டுங்கள். தானாக வந்து உரசும் வரை தூக்காதீர்கள். (வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களைப் பொறுத்திருக்கச் செய்வதுதான் கடினம்.) ஜன்னல்களுக்கு இப்போதே வலை அடித்துவிடுங்கள், புது இடத்திலிருந்து தப்பியோடும் பூனைக்குத் திரும்பும் வழி தெரியாது.

ஒரு நாள் முழுவதும் எதையும் தின்னாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி நீடித்தால் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.