நிரலாக்கப் புதிருக்கு ஏஐ சாட்பாட் தரும் விடையை எவ்வளவு நம்பலாம்?

புதிர் கஷ்டமா சுலபமா என்பதைவிட, அது இணையத்தில் ஏற்கெனவே பலமுறை அடிபட்ட புதிரா என்று பாருங்கள். அடிபட்டது என்றால் பெரும்பாலும் சரியாகவே வரும். அதில் ஒரே ஒரு நிபந்தனையை மாற்றிவிட்டால், பழைய விடையையே லேசாகத் தட்டிக்கொட்டி நீட்டக்கூடும்.

ஓர் உதாரணம்: ஓர் அர்ரேயில் (எண்களின் வரிசை) கூட்டல் 7 அல்லது அதற்கு மேல் வரும் மிகச் சிறிய சப்அர்ரேயின் (அடுத்தடுத்து இருக்கும் எண்களின் துண்டு) நீளம் என்ன? எல்லாம் பாசிட்டிவ் எண்கள் என்றால் ஸ்லைடிங் விண்டோ (வலப்பக்கம் எண்களைச் சேர்த்துக்கொண்டே போய், கூட்டல் 7-ஐத் தொட்டதும் இடப்பக்கமிருந்து கழற்றும் முறை) போதும். நெகட்டிவும் வரலாம் என்றால் அது உடைந்துவிடும். 5, -4, 3, 4 என்ற அர்ரேயை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடை 2, அதாவது 3+4. ஸ்லைடிங் விண்டோவோ கடைசி எண் வரும்வரை 7-ஐத் தொடாது. அப்போது கூட்டல் 8, நீளம் 4. இடப்பக்கமிருந்து 5-ஐக் கழற்றியதும் கூட்டல் 3-க்கு இறங்கிவிட, அங்கேயே நின்று 4 என்று சொல்லிவிடும். அடுத்திருக்கும் -4-ஐயும் கழற்றினால் கூட்டல் ஏறும் என்பது அதன் கணக்கிலேயே இல்லை. இதற்கு ப்ரீஃபிக்ஸ் சம்மும் (தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் இடம்வரையான கூட்டல்) மோனோடோனிக் டெக்கும் (மதிப்புகளை ஏறுவரிசையில் வைத்து இரு முனையிலும் எடுக்கக்கூடிய பட்டியல்) வேண்டும். புதிரோடு வரும் சாம்பிளில் நெகட்டிவ் எண் இல்லாவிட்டால் தவறான கோடும் பாஸ் ஆகிவிடும், வில்லங்கமே அங்கேதான். (இந்தப் புதிரும் இப்போது பிரபலம் என்பதால் புது மாடல்கள் இதில் சறுக்குவது குறைவு. மற்ற புதிர்களில் சறுக்கும் விதம் இதேதான்.)

இன்புட் வரம்பைச் சொல்லாமல் கேட்பது அடுத்த தவறு. 2 லட்சம் எண்களுக்கு இரட்டை லூப் போட்டால் 4,000 கோடி சுற்று. நேர வரம்புக்குள் முடியவே முடியாது. சி++, ஜாவாவில் இன்ட் என்ற முழு எண் வகை 2,147,483,647-க்கு மேல் தாங்காது, லட்சத்தை லட்சத்தால் பெருக்கினாலே வழிந்துவிடும்.

போட்டிச் சாதனைகளை வைத்து எடைபோடாதீர்கள். 2024 சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் புதிர்களில் ஓப்பன்ஏஐ மாடல் ஒன்று, புதிருக்கு 50 சமர்ப்பிப்பு என்ற வரம்பில் 213 புள்ளி எடுத்தது. 10,000 வரை அனுமதித்தபோதுதான் 362 எடுத்துத் தங்கப் பதக்க எல்லையைத் தாண்டியது. உங்களுக்குக் கிடைப்பது அப்படிப்பட்ட முயற்சிகளில் ஒன்றே ஒன்று.

ஆகவே ஸ்ட்ரெஸ் டெஸ்ட் செய்யுங்கள். புது சாட் திறந்து அதே புதிருக்கு ப்ரூட் ஃபோர்ஸ் கோட் (எல்லா வாய்ப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்கும் மெதுவான கோட்) கேளுங்கள். பழைய சாட்டிலேயே கேட்டால் புதிரைத் தப்பாகப் புரிந்துகொண்டது இதிலும் தொற்றிக்கொள்ளும். பிறகு இரண்டு கோடுக்கும் ஒரே இன்புட்களைக் கொடுத்து விடைகளை ஒப்பிடுங்கள்: அர்ரே நீளம் 8-க்குள், மதிப்புகள் -5 முதல் 5 வரை, சில ஆயிரம் ரேண்டம் இன்புட். எண்கள் சிறிதாக இருந்தால்தான் விளிம்பு நிலைகள் அடிக்கடி மாட்டும். இரண்டு விடையும் வேறுபடும் முதல் இன்புட்டில் நிறுத்தி, அதை அப்படியே சாட்பாட்டிடம் கொடுங்கள். வெறுமனே 'தப்பு' என்றால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சரியாக இருந்த வரிகளையும் சேர்த்து மாற்றி வைக்கும். கோடை ஓட்டும் வசதி இல்லாத சாட்பாட் 'சோதித்துப் பார்த்தேன்' என்று சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

எல்லாம் ஒத்துப்போன பிறகு, அதிகபட்ச அளவில் ஓர் இன்புட் கொடுத்து நேரத்தையும் அளந்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.