கொழிஞ்சிக்கு முடிச்சு உண்டு, ஆவாரைக்கு இல்லை
மண் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் மானாவாரிக் கொல்லை கரட்டோரம் இருக்கிறது, செம்மண். இந்த வருடம் மல்லாட்டை (நிலக்கடலை) போடவில்லை. கொழிஞ்சியும் ஆவாரையும் தானாக மண்டிக்கிடக்கின்றன. இரண்டும் பயறுக் குடும்பம்தானே, மடக்கி உழுதால் தழைச்சத்து ஏறுமா? (ஒடுகத்தூர் வாசகி)

பதில்: குடும்பம் ஒன்றுதான் அம்மா, குணம்தான் வேறு. ஆவாரை, தகரை, கொன்றை மூன்றும் வேரில் முடிச்சுப் போடாதவை. அவற்றை உழுதால் மட்கு சேரும், அது நல்லதுதான். ஆனால் மண்ணிலிருந்து எடுத்ததைத்தான் திருப்பித் தரும். காற்றிலிருந்து புதிதாகக் கொண்டுவருவது கொழிஞ்சிதான்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, இருந்தும் எந்தப் பயிராலும் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் அதை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. 1888இல் ஹாலந்துக்காரர் பெய்ஜெரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். இந்த வேலைக்குச் செடி ஏராளமான சர்க்கரையைச் செலவழிக்க வேண்டும். அதனால் மண்ணிலேயே தழைச்சத்து கிடைத்தால் அது அதிகம் முடிச்சுப் போடாது. உங்கள் கொல்லையிலேயே பார்க்கலாம். எருக்குழி ஓரத்துக் கொழிஞ்சி கரும்பச்சையாக, இடுப்பு உயரத்துக்கு நிற்கும், வேரில் முடிச்சு சொற்பம். கரட்டுச் சரளையில் முழங்கால் உயரம்கூட வராத செடியின் வேரைப் பாருங்கள், முடிச்சு நிறைய இருக்கும். நான் மண் பரிசோதனைக் கூடத்தில் இருந்த காலத்தில் செடியின் உயரத்தை வைத்து முடிவு சொல்பவர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: வேரைக் கொண்டுவாருங்கள்.

வேரைப் பார்க்கவும் முறை உண்டு. மழை பெய்து ஈரம் இருக்கும்போது, செடி பூக்கத் தொடங்குகிற சமயம், ஒரு சாண் தள்ளி மம்மட்டியை இறக்கி மண்ணோடு பெயர்த்தெடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் அலசி, முடிச்சை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. அந்த நிறம் நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதத்தால் வருவது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், இந்தப் புரதம் ஆக்சிஜனை அளந்து அளந்து விடுகிறது. உள்ளே பச்சையோ பழுப்போ இருந்தால் அதன் காலம் முடிந்தது. வெள்ளை என்றால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது அங்கே குடியிருப்பது உதவாத பாக்டீரியா.

செம்மண்ணில் இன்னொரு சிக்கல், அதிலுள்ள இரும்பு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும். மணிச்சத்து குறைந்தால் முடிச்சு சிறுத்துப்போகும். கொழிஞ்சிக்குப் போய் உரமா என்று கேட்பார்கள். தொழு உரத்தோடு கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் கலந்து போட்டுப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். யூரியா மட்டும் வேண்டாம், போட்டால் முடிச்சு நின்றுவிடும். பூக்கும்போதே மடக்கி உழுதுவிடுங்கள், காய் பிடித்த பிறகு தண்டு கட்டையாகிவிடும், சத்தும் விதைக்குப் போய்விடும். ஓரமாக ஒரு பாத்தியை மட்டும் விதைக்கு விடுங்கள். விதைத்தோல் கெட்டி, அடுத்த முறை மணலோடு தேய்த்து விதைக்க வேண்டும். ஆடு மாடு பெரும்பாலும் கொழிஞ்சியில் வாய் வைக்காது என்பதால் வேலி தேவைப்படாது. அப்புறம் ஒரு நன்மை: மல்லாட்டை, காராமணி, கொள்ளு எல்லாவற்றுக்கும் முடிச்சுப் போடுகிற பெரிய பாக்டீரியாக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான் கொழிஞ்சி வேரிலும் பெரும்பாலும் இருக்கும். அடுத்து மல்லாட்டை போடும்போது துணைக்கு ஆள் தயாராக இருக்கும்.

கேள்வி: எங்கள் முள்ளுக் கத்திரி வேரிலும் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. அதுவும் தழைச்சத்து சேர்க்கிறதா? (இலவம்பாடி வாசகர்)

பதில்: இல்லை ஐயா, அது நூற்புழு என்ற நுண்ணிய புழு வேரைத் தாக்கியதால் வந்த வீக்கம். கத்திரி பயறுக் குடும்பமே இல்லை. பயறு முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தள்ளினால் தனியே வந்துவிடும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், பிரித்தெடுக்க வராது. அந்தக் கத்திரி நாற்று வளர்ந்த நாற்றங்காலில் இனி நாற்று விடாதீர்கள். அந்த இடத்தில் செண்டுமல்லி போடுங்கள்.

கேள்வி: ஆம்பூர் பக்கம் பாலாற்றங்கரை நிலம். தோல் பதனிடும் ஷாப்புக் கழிவால் கிணறு உப்பாகிப் பல வருடம் ஆகிறது. சீமைக்கருவேல்தான் செழிக்கிறது. அதுவும் தழைச்சத்து சேர்க்குமாமே, அப்படியே விட்டுவிடலாமா? (ஆம்பூர் வாசகர்)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தைப் படிக்க மனம் கனத்துவிட்டது. சீமைக்கருவேல் முடிச்சுப் போடும் மரம்தான். அதன் இனத்து மரங்களில் பல மீட்டர் ஆழத்தில்கூட முடிச்சு கண்டிருக்கிறார்கள். உப்பு மேல்மண்ணில் தங்கினாலும் அதன் வேர் கீழே பிழைத்துக்கொள்ளும். ஆனால் விட்டால் நிலம் முழுவதும் முள்காடாகிவிடும், வேண்டாம்.

உவர் மண்ணில் பாக்டீரியா ஓரளவு உப்பைத் தாங்கும், வேரில் மயிர்போல இருக்கும் வேர்த்தூவி தாங்காது. பாக்டீரியா உள்ளே நுழைவது பெரும்பாலும் அந்தத் தூவி வழியாகத்தான். அதனால்தான் செடி உயிரோடு நிற்கும், முடிச்சு மட்டும் இருக்காது. இதைத் தாங்கி முடிச்சுப் போடக்கூடியது தக்கைப்பூண்டு. நல்ல மழை பெய்து மேல் உப்பு கரைந்து இறங்கிய பிறகு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, 45 நாளில் மடக்கி உழுங்கள். தண்ணீர் தேங்கினாலும் அது நிற்கும்.

அதற்கு முன் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் சோதனைக்குக் கொடுங்கள். மண்ணின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் (இ.சி.) 4 dS/mக்கு மேல் என்றால் உவர், அதற்கு ஜிப்சம் உதவாது, நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி வடிப்பதுதான் வழி. கார அமில நிலையைக் காட்டும் பி.எச். 8.5க்கு மேல் ஏறிச் சோடியமும் மிகுந்திருந்தால் களர், அங்கேதான் ஜிப்சம். தோல் கழிவில் வரக்கூடிய குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், சாதாரண மண்வள அட்டையில் அது வராது. அந்த முடிவு கைக்கு வரும்வரை அந்த நிலத்தில் கீரை போடாதீர்கள்.