ஆன்மிகம் உடல்நலத்துக்கு எப்படி உதவுகிறது?

"தினமும் சாமி கும்பிட்டால் உடம்பு நன்றாக இருக்குமா?" என்ற கேள்விக்கு என் பதில்: ஓரளவுக்கு, ஆமாம்.

ஆன்மிகம் என்றால் நம்மைவிடப் பெரிய ஒன்றோடு நமக்கு உறவு உண்டு என்ற உணர்வு, அதையொட்டி வரும் பழக்கங்கள். கோயில், தேவாலயம், பள்ளிவாசல், தனியாக உட்கார்ந்து செய்யும் தியானம் எல்லாமே இதில் சேரும்.

கவலை நீண்டால் உடலில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் சுரந்துகொண்டே இருக்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும், தூக்கம் கெடும். மந்திரமோ ஜெபமோ நிதானமாகச் சொல்லும்போது மூச்சு தானாக நீள்கிறது. இத்தாலிய ஆய்வாளர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வில், ஜெபமாலை சொன்னபோதும் மந்திரம் சொன்னபோதும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 முறையாகக் குறைந்தது. அந்த வேகத்தில் இதயத்தை அமைதிப்படுத்தும் நரம்பு நன்றாக வேலை செய்கிறது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி சரிவில் இறங்கும்போது சின்ன கியருக்கு மாற்றுவார்களே, அதுபோலத்தான்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது ஆள்துணை. சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வெள்ளிதோறும் வரும் பாட்டி ஒரு வாரம் வராவிட்டால், மறுநாளே யாராவது லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, போய்க் கதவைத் தட்டுவார்கள். பால்மரம் (ரப்பர்) வெட்டி ஓய்ந்து, பிள்ளைகள் கோலாலம்பூரில் இருக்கும் வயதில் அது எவ்வளவு பெரிய காவல்!

அப்புறம், சாமி பார்த்துக்கொள்ளும் என்று இனிப்புநீர் (சர்க்கரை நோய்) மாத்திரையை நிறுத்துவது தவறு. விரத நாளில்கூட கிளினிக்கில் கேட்டுத்தான் அளவை மாற்ற வேண்டும்.