இணைச்சீர் செய்த அத்தை

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது, ஹார்மோன் ஊசி போடுகிறோம். ஜீன் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கச் சொல்கிறார் டாக்டர். இந்த வயதில் எதற்கு என்கிறார் அம்மா, தங்கச்சியின் மாமியார் வீட்டில் பேச்சு வருமாம். குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் உண்டா என்று கேட்டதற்கு இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அப்பாவின் அக்கா மார்பில் கட்டி வந்து 43 வயதில் இறந்தார், ஆனால் அவர் கட்டிக்கொடுத்துப் போனவர், வேறு கூட்டம், அதாவது வேறு குலம். டெஸ்ட் அவசியமா?
– 38 வயது வாசகர், கோபிசெட்டிபாளையம் பக்கம்

பதில்: டெஸ்ட் எடுங்கள் தம்பி, அதில் யோசிக்க ஒன்றுமில்லை. எனக்குக் கோபம் வந்தது அந்த 'வேறு கூட்டம்' என்ற இடத்தில்தான். உங்கள் அப்பா கல்யாணத்தில், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்கிற இணைச்சீரைச் செய்தது யாருங்க? அந்த அக்காவாகத்தான் இருக்கும். மணவறையில் வேண்டியிருந்தவர் ஆஸ்பத்திரி ஃபாரத்தில் மட்டும் ஊரான் வீட்டு மனுஷியா? தாலி ஏறினால் கூட்டம் மாறும், குலதெய்வக் கோயில் மாறும், பெற்ற அப்பனும் ஆத்தாளும் மாறுவார்களா?

பிஆர்சிஏ2 என்று ஒரு ஜீன் இருக்கிறது, அறுந்த டிஎன்ஏவை ஒட்டவைப்பது அதன் வேலை. அது பழுதாகப் பிறந்தால் பெண்ணுக்கு மார்பிலும் சினைப்பையிலும், ஆணுக்குப் புராஸ்டேட்டிலும் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடிவிடும். நோய் இப்படிப் பரவியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இந்த மாதிரி ஒட்டுவேலை ஜீன்களில் பிறவிப் பழுது உண்டு. அக்கா 43இல் போனார் என்பது டாக்டர் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டிய வரி, அந்த இடத்தில் நீங்கள் 'இல்லை' என்று எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். நாளைக்கே போய்த் திருத்துங்கள்.

இந்த வயதில் எதற்கு என்றால், அப்பாவின் வைத்தியத்துக்கே அது வேண்டும். பழுது இருந்தால், ஹார்மோன் ஊசிக்கு நோய் அடங்காமல் போகும்போது ஓலாபரிப் என்ற மாத்திரைக்கு வழி உண்டு. புற்றுச் செல்லில் ஒட்டுகிற ஆள் ஒருவன் ஏற்கெனவே இல்லை, மிச்சமிருப்பவன் கையையும் இந்த மாத்திரை கட்டிப்போட்டுவிடும், அப்புறம் செல் பிழைக்காது.

சரி, தங்கச்சி. அப்பாவிடம் பழுது இருந்தால் உங்களுக்கும் அவளுக்கும் அது வந்திருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணென்றும் பெண்ணென்றும் அது பார்ப்பதில்லை. வந்திருந்தால் நீங்கள் 40 வயதிலிருந்தே புராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட் பார்க்க ஆரம்பிக்க வேண்டும், அவள் இப்போதிருந்தே வருஷா வருஷம் மார்பு ஸ்கேன். மாமியார் வீட்டுப் பேச்சுக்குப் பயந்து இதை அவளிடம் மறைத்தால் அதைப் பாவம் என்றுதான் நான் சொல்வேன். பொங்கலுக்குச் சீர் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அண்ணன் கடமை முடிந்ததா? மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவளே பார்த்துக்கொள்வாள், அது அவள் உடம்பு.

அத்தைக்குப் பிள்ளைகள் உண்டா என்று நீங்கள் எழுதவே இல்லை. இருந்தால், ரிசல்ட்டில் பழுது என்று வந்த அந்த வாரமே வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள், போனில் வேண்டாம்.