ஆஃப்செட்டை நம்பி வயலை விற்காதீர்கள், அண்ணாச்சி

வீரவநல்லூர் அண்ணாச்சிக்கு,

ஆஃப்செட்டால் இங்கே விமானத் துறை வேலை குவியும் என்று பெங்களூரு மைத்துனர் சொல்வதைக் கேட்டு, பிளஸ் டூ முடித்த பிள்ளையைத் தனியார் பல்கலைக்கழகத்தில் ஏரோஸ்பேஸ் சேர்க்க, கன்னடியன் கால்வாய்ப் பாசன வயலை விலை பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மனசு ஒப்பவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. நான் ஆறுதல் சொல்லப் போவதில்லை, அந்த விலைப்பேச்சை நிறுத்துங்கள்.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. நமக்கு ஆயுதம் விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஒப்பந்தத் தொகையில் ஒரு பங்குக்கு இங்கே பொருள் வாங்க வேண்டும், முதலீடு செய்ய வேண்டும், அல்லது தொழில்நுட்பம் தர வேண்டும். அதுதான் ஆஃப்செட். 2005-ல் வந்தபோது 300 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்குக் குறைந்தது 30 சதவீதம். 2016-ல் அந்த வரம்பு 2,000 கோடியானது. அதே ஆண்டு 36 ரஃபேல் விமானங்களுக்குக் கையெழுத்தானபோது 50 சதவீதம். 2020 விதிகளில், அரசும் அரசும் நேரடியாகச் செய்யும் ஒப்பந்தங்களுக்கு இந்த நிபந்தனையே இல்லை. பதினைந்து வருஷத்தில் இவ்வளவு மாறிய ஒரு விதியை நம்பியா நான்கு வருஷப் படிப்புக்கு வயலைக் கொடுப்பது? கணக்கும் பணத்தில்தான் பார்க்கிறார்கள், எத்தனை பேருக்கு வேலை என்று அல்ல.

பாதுகாப்புத் தொழில் வழித்தடம், அதாவது ராணுவத் தளவாடத் தொழிலுக்கென்று அரசு அறிவித்த ஊர்கள், என்று அவர் காட்டுவதும் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி. நம் ஊர் அதில் இல்லை. அங்குள்ள சிறு பட்டறைக்கு ஆர்டர் வந்தால் வரைபடமும் கூடவே வெளியிலிருந்து வந்துவிடும். பட்டறைக்குத் தேவை வடிவமைப்பவர்கள் அல்ல, வரைபடத்தில் உள்ளபடி செய்பவர்களும், செய்த பாகத்தில் விரிசல் இல்லை என்று நிரூபிப்பவர்களும்தான்.

இந்த இரண்டாவது வேலையை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். என்.டி.டி. என்பார்கள், பாகத்தை உடைக்காமல் சோதிப்பது. ஊடுருவு திரவச் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பாகத்தை எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் கழுவி, ஒளிரும் சாயத்தில் நனைத்து, குறைந்தது பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். பிறகு மேல் சாயத்தை மட்டும் அளவாக அகற்ற வேண்டும். கூடுதலாகக் கழுவினால் விரிசலுக்குள் போனதும் வெளியேறிவிடும். விரிசலுக்குள் இருக்கும் சாயத்தை வெளியே இழுக்கும் டெவலப்பர் பொடியைத் தூவி, இருட்டறையில் கண் பழகும்வரை காத்திருந்து, புற ஊதா விளக்கில் பார்த்தால் தலைமுடியைவிட மெல்லிய பிளவும் பச்சைக் கோடாக எரியும். அல்ட்ராசோனிக் (ஒலி அலை), ரேடியோகிராபி (எக்ஸ்ரே போல), எடி கரண்ட் (சுழல் மின்னோட்டம்) என்று ஒவ்வொரு முறைக்கும் தனித் தேர்ச்சி உண்டு.

ஆஃப்செட் ஆர்டர் நின்றாலும் இந்த வேலை நிற்காது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் குழாய்ப் பற்றவைப்புகளை இப்படி உடைக்காமல்தான் சோதிக்கிறார்கள். மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சினைச் சோதிக்கும் இடத்திலும் இது வேண்டும்.

"ஆய்வகத்தில் வெர்னியர் அளவை மூன்று தடவை எடுப்பாள், ரொம்ப மெதுவு" என்று மகளைப் பற்றிக் குறைபட்டிருக்கிறீர்கள். அது குறையே இல்லை, இந்த வேலைக்கு அதுதான் முதல் தகுதி. மிஷின்கள் பக்கம் போகவே ஆசை என்று உங்கள் கடிதத்தில் அவளே எழுதிய இரண்டு வரியை உங்கள் மைத்துனரிடம் படித்துக் காட்டுங்கள்.

பிளஸ் டூ-வில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருப்பதால் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோவுக்கு நேரடி இரண்டாம் ஆண்டில் சேரலாம். முதலில் அரசுக் கல்லூரிக்கு விண்ணப்பியுங்கள். முடித்ததும் அப்ரண்டிஸ் இடம் தேடட்டும், மகேந்திரகிரி அறிவிப்புகளையும் கவனிக்கட்டும். பி.இ. வேண்டுமானால் டிப்ளமோவிலிருந்தும் இரண்டாம் ஆண்டில் சேரலாம், கதவு மூடவில்லை.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். சில நாள் வகுப்பு நடத்தி 'லெவல் டூ' (தானே சோதித்து முடிவு சொல்லும் தகுதி) சான்றிதழ் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். விமானத் துறையில் பயிற்சி நேரம், அனுபவம், தேர்வு மூன்றையும் பார்த்து வேலை கொடுக்கும் நிறுவனமே தகுதி வழங்கும். வெளியில் வாங்கிய காகிதத்தை மட்டும் வைத்து யாரும் சோதனை அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாது. தொடக்கச் சம்பளமும் குறைவுதான், அதை அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு கண் மருத்துவரிடம் பக்கத்தில் உள்ளதைத் தெளிவாகப் பார்க்கும் திறனையும் நிறம் பிரித்தறிவதையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு திறனும் இல்லாமல் இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். கண்ணாடி போட்டிருப்பது தடையில்லை. ஆனால் அவளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கினால் வெயிலில் கறுக்கும் லென்ஸ் வேண்டாம், அந்த இருட்டறையில் அதை அனுமதிக்க மாட்டார்கள்.