காட்டாமணக்கும் கரி மூட்டமும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சுற்றுச்சூழல் அறிவியலில் எம்.எஸ்சி. முடித்துவிட்டேன், நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்திருக்கிறது. வெப்பமண்டல நிலப்பயன்பாட்டையும் உயிரி எரிபொருளையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. இதற்கெல்லாம் வெளிநாட்டில்தான் இடம் என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் பேராசிரியரோ, காட்டாமணக்கோடு அந்தக் கதை முடிந்தது என்கிறார். எங்கே விண்ணப்பிக்கலாம்?

ம., அருப்புக்கோட்டை

அன்புள்ள ம.,

உங்கள் பேராசிரியர் சொல்வது பாதி சரி. 2003-ல் மத்திய அரசின் திட்டக் குழு அறிக்கை ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் காட்டாமணக்கு நட்டு, அதன் விதை எண்ணெயில் செய்த எரிபொருளை டீசலில் 20 சதவீதம் கலக்கலாம் என்று கணக்குப் போட்டது. எங்கள் பெரியப்பாவும் ஒரு கம்பெனிக்காரர் பேச்சை நம்பி மூன்று ஏக்கரில் நட்டார். தண்ணீரே வேண்டாம் என்றார்கள். செடி சாகவில்லை, அவ்வளவுதான், காய்ப்பு இல்லை. நாலாம் வருஷம் கம்பெனிக்காரர் போனையே எடுக்கவில்லை. ஆடு கடிக்காது, வேலிக்காவது ஆச்சு என்று பெரியப்பா மனதைத் தேற்றிக்கொண்டார்.

ஆனால் செடி தோற்றதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. அத்தனை நிலமும் 'தரிசு' என்றார்களே, அந்தத் தரிசில் அதுவரை என்ன இருந்தது? ஜெனிபர் பாக்கா என்ற ஆய்வாளர் யேல் பல்கலைக்கழக முனைவர் பட்டத்துக்காக உங்களுக்குப் பக்கத்தில் சாத்தூர்ப் பகுதிக்குத்தான் வந்தார். அவர் இன்னொருவரோடு சேர்ந்து 2014-ல் வெளியிட்ட கணக்குப்படி, அங்கே தானாக வளர்ந்து நின்ற சீமைக் கருவேலம் காட்டாமணக்கைவிட இரண்டரை முதல் பத்து மடங்கு வரை கூடுதலாகப் பயன்படும் ஆற்றலைக் கொடுத்துவந்தது. விறகாக, கரியாக. எரிபொருள் காட்டை வெட்டிவிட்டு எரிபொருள் தோட்டம் போட்டிருக்கிறோம்!

அதனால் விண்ணப்பத்துக்கு முன் ஒரு பத்து நாள் ஏதாவது கரி மூட்டத்தின் பக்கத்தில் போய் நில்லுங்கள். விறகை அடுக்கி, தழை போட்டு, மண்ணால் மூடித் தீ வைத்தபின் ராத்திரியெல்லாம் ஆள் காவல் இருக்கும், எங்காவது மண் சரிந்து காற்றுப் புகுந்தால் உள்ளே மிஞ்சுவது சாம்பல்தான். புகை வெள்ளையாக இருக்கும்வரை மரத்தில் ஈரம் இருக்கிறது, மெலிந்து நீலம் தட்டினால் துளைகளை அடைக்க வேண்டும். வெட்டுக் கூலி யாருக்கு, மரம் யாருடையது, நிலம் பட்டாவா புறம்போக்கா, அடங்கலில் என்ன எழுதியிருக்கிறது, இதையெல்லாம் செயற்கைக்கோள் படம் சொல்லாது. படத்தில் எல்லாம் ஒரே பச்சை. (சீமைக் கருவேலத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அது கண்மாய்களை அடைத்த கதை வேறு, அதுவும் ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.)

இனி இடம். ஜே.ஆர்.எஃப். கையில் இருக்கிறது, முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதை இங்கேதான் செலவழிக்க முடியும். சமூகமும் சூழலும் சேர்ந்த ஆய்வென்றால் பெங்களூருவில் உள்ள ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு நிறுவனம், விறகை எரிவாயுவாக்கும் கலன், அடுப்பு மாதிரி தொழில்நுட்பப் பக்கம் போவதென்றால் இந்திய அறிவியல் கழகம், மரம் என்றால் மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி. வெளிநாடுதான் என்றால் எல்லாரும் ஐரோப்பாவையே பார்க்கிறார்கள், நான் பிரேசிலைச் சொல்வேன். 1975-லிருந்து கரும்பு எத்தனாலில் ஊறிய நாடு. சாவோ பாவ்லோ மாநிலத்தின் ஃபபெஸ்ப் நிதியமைப்பு 2008-ல் உயிரி ஆற்றலுக்கென்றே தனி ஆய்வுத் திட்டம் தொடங்கியது, அதன் உதவித்தொகைக்கு வெளிநாட்டவரும் போட்டியிடலாம். மேய்ச்சல் நிலம் கரும்பானால் மாடு எங்கே போகும் என்று அங்கே கேட்பதும் நம் தரிசுக் கேள்விதான். போர்ச்சுகீசிய மொழி கற்க வேண்டியிருக்கும், அது வேண்டாத வேலை என்று நினைத்தால் விட்டுவிடுங்கள்.

எங்கே போனாலும் சொந்தக் காசு கட்டிப் படிக்காதீர்கள். பேராசிரியருக்கு எழுதும் மெயிலில் 'தங்கள் ஆய்வால் கவரப்பட்டேன்' வேண்டாம், அவர்களுக்கு அது தினம் ஐம்பது வரும். மூட்டத்தில் பார்த்ததை நாலு வரி எழுதி, அதற்கு விடை தேட அவர் ஆய்வுமுறை எப்படி உதவும் என்று கேளுங்கள். மெயிலை அனுப்புமுன் வேண்டுமானால் எனக்கு ஒரு நகல் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.